கீழமடையூருக்குத் திரும்பி வந்த செருப்புகள்

நல்லபெருமாள் சார் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இட்லி தின்ற கையைக் கழுவிவிட்டு, வெற்றிலையில் பெருங்காயம் வைத்து மூன்று நாள் மென்றால் சர்க்கரை வியாதி பறந்துபோகும் என்ற செய்தியைத் தன் போனிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பிவிட்டு, போனைக் கீழே வைப்பதற்குள் முதல் செருப்பு அவர் வாசலில் வந்து கிடந்தது. இடது கால் செருப்பு, டயர் அடி, தோல் வார், நடுவில் ஒரு பித்தளைப் பொத்தான். ஊரில் மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது, செருப்போ கரிசல் சேறு சொட்டச் சொட்டக் கிடந்தது. சார் தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வுபெற்றவர், எதையும் உடனே தொடமாட்டார், குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வாசல் பெருக்க வந்த அவர் மனைவிதான் விளக்குமாற்று நுனியால் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒங்க கல்யாணச் செருப்புல்லா? ஓட்டத்தன்னிக்குப் போனது" என்றாள்.

ஓட்டம் என்றால் எங்கள் ஊரில் ஒரே ஓட்டம்தான். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மாதம், நாலு நாள் விடாமல் மழை கொட்டி, ஊருக்கு மேற்கே பெரிய குளம் தளும்பிக்கொண்டிருந்த ஒரு நடுப்பகலில், குளம் உடைந்துவிட்டது என்று யாரோ சொல்ல, அதை யாரோ கேட்டு யாரிடமோ சொல்ல, உலையில் அரிசி கொதிக்கக் கொதிக்க, சவரக்கடையில் பாதி மீசை எடுத்தவர் பாதி மீசையோடு, பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளுக்கு முன்னால், கீழமடையூர் முழுவதும் கிழக்கே இருக்கிற பொத்தையை நோக்கி ஓடி, அந்த மொட்டைப் பாறைமேல் ஏறி, சாயங்காலம் வரை நனைந்துகொண்டே தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வரவில்லை, குளம் உடையவும் இல்லை. இறங்கி வந்தபோது சேற்றில் மாட்டிக்கொண்டு விட்டுவிட்டுப் போன செருப்புகளில் ஒன்றுகூடத் தெருவில் இல்லை. மேலமடையூர்க்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள், குளம் உடையாத அன்றே அதையும் நம்பினோம். அன்றிலிருந்து மேலமடையூரில் பெண் எடுக்கப் போகும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டுதான் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

அந்த ஓட்டத்தின்போது நான் பிறக்கவே இல்லை. அது எங்கள் ஊரில் ஒரு குறையாக எண்ணப்படுவதில்லை, பார்க்காதவர்கள்தான் பார்த்தவர்களைவிட நன்றாகச் சொல்வார்கள். அன்றைக்கு வெளியூர்க்காரர் ஒருவர் செத்தும் போனார். வளையல் விற்க வந்த மைதீன் பிச்சை, ஒரு கால் சற்றுக் கட்டை. அவர் காய்ச்சலில் செத்தார் என்று ஊர் சொல்லிக்கொண்டது, நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

நல்லபெருமாள் சாருக்கு அடுத்து பூக்கடை அன்னத்தாய் வாசலில் ஒரு செருப்பு வந்தது, அமாவாசையன்று நகம் வெட்டினால் வீட்டில் கறவை வற்றும் என்று அவள் அனுப்பிய நிமிஷத்தில். அப்புறம் தையல்காரர் வீட்டில் ஒன்று, பால்பண்ணைச் செயலாளர் வீட்டில் ஏழு, பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் வீட்டில் மூன்று. தெரிந்து அனுப்பினாலும் வந்தது, தெரியாமல் அனுப்பினாலும் வந்தது, நல்லெண்ணத்தில் அனுப்பினால் கொஞ்சம் சேறு குறைவாக வந்தது. 'எனக்கு வந்ததை அப்படியே அனுப்புகிறேன்' என்று கீழே ஒரு வரி சேர்த்து அனுப்பியவர்களுக்கு வார் அறுந்த செருப்பு வந்தது. எங்கிருந்து வருகிறது, யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று பார்க்க இரண்டு நாள் ஆள் நிறுத்தினோம். நிறுத்திய ஆளே போரடித்து ஒரு செய்தியை அனுப்ப, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியிலேயே ஒன்று வந்து கிடந்தது. அதோடு அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டோம்.

எங்கள் ஊர் எதற்கும் சீக்கிரம் பழகிவிடும். ஒரு மாதத்துக்குள் புதன்கிழமைச் சந்தையில் புளிக்கடைக்கும் கருவாட்டுக்கடைக்கும் நடுவே ஜோடி சேர்க்கிற இடம் ஒன்று உண்டாயிற்று, இடது கால் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கமும் வலது கால் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்து, ஒருவர் கையில் இருப்பதை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜிக்குக் கை நீட்டுவதற்கு முன் கொல்லைப்புறம் போய் எத்தனை செருப்பு காய்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். 'நம்ம ஊர் நல்ல ஊர்' என்ற எங்கள் வாட்ஸப் குரூப்பில் காலை வணக்கம் சொல்லக்கூட ஆள் இல்லாமல் போயிற்று, ஏனென்றால் 'இந்த நாள் இனிய நாள்' என்று அனுப்பிய பால்பண்ணைச் செயலாளருக்கு அன்றைக்கே எட்டாவது செருப்பு வந்திருந்தது. மேலமடையூர்க்காரர்கள் ஒரு நாள் கும்பலாக வந்து, நாற்பத்தாறு வருஷத்துப் பழியைத் திரும்ப வாங்கச் சொல்லி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தார்கள், நாங்களும் திரும்ப வாங்கிக்கொண்டு மோர் கொடுத்து அனுப்பினோம்.

என் வாசலுக்கு ஒன்றுகூட வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன், ஊரே என்னை ஜெராக்ஸ் என்றுதான் கூப்பிடும். எனக்கு வந்த செய்திகளை நான் படித்துச் சிரித்துவிட்டு வைத்துக்கொள்வேன், யாருக்கும் அனுப்பமாட்டேன், செருப்பு வந்தவர்கள் கடைக்கு வந்தால் அவர்கள் காலைப் பார்த்து நலம் விசாரிப்பேன். அந்த மாதங்களில் நான் கொஞ்சம் அதிகமாகவே தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன் என்று என் மனைவி இப்போது சொல்கிறாள்.

எங்கள் ஊரில் செருப்பைப் பற்றி அக்கறைப்படாத ஒரே ஆள் மாவு மில் செல்லக்கனி அக்கா. மில்லு சந்துக்குள் இருக்கிறது அவளுடைய மில். அங்கே இரண்டு சட்டம் உண்டு. மாவு சிந்துகிற இடம் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படி ஏற வேண்டும், கலெக்டரே வந்தாலும் அப்படித்தான். இரண்டாவது, யார் வீட்டு டின்னானாலும் அக்கா முழங்கை வரை கையை விட்டுத் துழாவிப் பார்க்காமல் மெஷினில் கொட்டமாட்டாள். உள்ளே ஒரு ஆணி கிடந்தால் மெஷினில் பொறி பறக்கும், ஒரு கல் கிடந்தால் பத்து வீட்டுச் சப்பாத்தியில் பல் உடையும். "யாரு பொடைச்சது?" என்று கேட்பாள். மாமியார் புடைத்தாள் என்றால், "நீ பாத்தியா?" என்று கேட்பாள். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் கீழமடையூரில் யாரும் இட்லிப்பொடி தின்றதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தளவாய்க்கு அந்த யோசனை வந்தது. தளவாய் வேலைக்குப் போகாத ஆள், ஆனால் சும்மா இருந்தான் என்று யாரும் சொல்ல முடியாது. செருப்பு வந்தால் பொய், வராவிட்டால் நிஜம், அப்படியானால் தெரியாததை எல்லாம் அனுப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்று அவன் தன் வாசலில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டான். ஊர்க்காரர்கள் தங்களுக்கு வந்த செய்தியைக் கொண்டுவந்து காட்டுவார்கள், அவன் அதைத் தன்னுடைய இன்னொரு நம்பருக்கு அனுப்புவான், எல்லோரும் வாசற்படியைப் பார்ப்பார்கள். வந்தால் சிரிப்பார்கள், வராவிட்டால் வீட்டுக்குப் போய் அதன்படி நடப்பார்கள். தளவாய்க்குக் காபி வந்தது, வடை வந்தது, மரியாதை வந்தது. யோசிக்கிற வேலை எங்களை விட்டுப் போனதில் எங்களுக்கும் ஒரு நிம்மதி இருந்தது.

மில்லுக்கு வந்த தளவாயின் டின்னைத் துழாவிக்கொண்டே அக்கா கேட்டாள், "ஏ தளவா, அன்னிக்கு ஓடுனது எத்தன பேருல?"

"அது என்ன, ஒரு எண்ணூறு பேரு இருக்கும்."

"எண்ணூறு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு காலுதான? தீந்துட்டுன்னா என்ன செய்வ?"

"தீந்துட்டுன்னா ஊர்ல பொய்யே இல்லன்னு அர்த்தம் யக்கா."

"செருப்பு வரலன்னா செருப்பு வரல. அம்புட்டுத்தான் அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அக்கா ஸ்விட்சைப் போட்டாள். மெஷின் சத்தத்தில் தளவாய்க்கு அது கேட்டதா என்பது தெரியாது. வரிசையில் அடுத்ததாக நின்ற எனக்குக் கேட்டது.

கடைசிச் செருப்பு ஆவணி மாதம் வந்தது. தளவாய் ஏதோ இலவச மிக்ஸி செய்தியை அனுப்பிப் பார்த்தபோது, வாசற்படியில் தொப்பென்று சத்தம் கேட்டது, மற்றதெல்லாம் சத்தமில்லாமல் வந்தவை. வலது கால் செருப்பு, அடியில் நாலு விரல் உயரத்துக்கு மரக்கட்டை வைத்து டயர் அடித்தது, ஒரு கால் கட்டையான ஆளுக்கென்று செய்தது. சந்தையில் அதற்கு ஜோடி கிடைக்கவில்லை, கேட்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. தளவாய் அதைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டக் கொடுத்து வைத்திருந்தான். கேள்விப்பட்ட செல்லக்கனி அக்கா அன்றைக்கு மில்லைப் பாதியில் நிறுத்திவிட்டு அவன் வீட்டுக்கு நடந்து வந்து, "அத எனக்குத் தா" என்று வாங்கி, முந்தானையால் துடைத்து, ஒரு மாவுப் பையில் சுற்றி, மில்லில் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்து மாடத்தில் வைத்துக்கொண்டாள். யாருடையது என்று கேட்டதற்கு, தெரிந்த ஆளுடையது என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு செருப்பு வரவில்லை. தளவாய் அனுப்பிக்கொண்டே இருந்தான், வாசல் துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது, வந்த செய்தியெல்லாம் நிஜமாயிற்று. உப்புக்குத் தட்டுப்பாடு வருகிறது என்பது நிஜமானதால் வீட்டுக்கு ஒரு மூட்டை உப்பு வாங்கிக் கட்டிலுக்கடியில் போட்டோம். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆகாயத்திலிருந்து ஏதோ கதிர் வருகிறது என்பது நிஜமானதால் ஊரே போனை அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்து, மூன்று மணிக்கு எடுத்து ஊதி, வேறென்ன நிஜமாகியிருக்கிறது என்று பார்த்தது. ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்த 'நம்ம ஊர் நல்ல ஊர்' குரூப்புக்கு உயிர் வந்தது, சேர்த்துவைத்ததை எல்லாம் கொட்டினார்கள். பயம் போன பிறகு ஒரு செய்தியை அனுப்புவது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை உங்களுக்கு எப்படிச் சொல்வது?

அந்தச் சுகத்தில்தான் புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, போனைப் பானையிலிருந்து எடுத்ததும், அந்தச் செய்தி வந்தது. பிள்ளை பிடிக்கிற கூட்டம் சுற்றுகிறது, பலூன் கொடுத்து மயக்குவார்கள், மஞ்சப்பை வைத்திருப்பார்கள், படத்தில் இருப்பவன் அவர்களில் ஒருவன், நம்ம ஊர்ப் பக்கம் வந்தாச்சு. படத்தில் இருந்தவனுக்கு முகம் தெளிவாக இல்லை, பை மட்டும் பளிச்சென்று இருந்தது. எங்கள் ஊரில் மஞ்சப்பை இல்லாத வீடு கிடையாது, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தேங்காயோடு ஒன்று தருவார்கள். ஆனால் அன்றைக்கு யாரும் தங்கள் வீட்டு ஆணியில் தொங்கியதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தளவாய் அனுப்பிப் பார்த்தான், செருப்பு வரவில்லை, கால் மணி நேரத்தில் அது ஊர் முழுக்க நிஜமாயிற்று.

ஓபுலேசு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவன். சிக்கு முடி வாங்குகிறவன், பெண்கள் சீவி எடுத்து சுவர் இடுக்கில் சுருட்டி வைத்திருக்கிற முடியை வாங்கிக்கொண்டு பின்னூசியும் கொண்டை ஊசியும் கொடுப்பான், பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினால் ஒரு பலூன் சேர்த்துக் கொடுப்பான். ஆந்திரப் பக்கத்து ஆள், எங்கள் ஊருக்குப் பத்து வருஷமாக வருகிறான், எங்கள் ஊர்ப் பெண்களின் தலைமுடி எவ்வளவு கொட்டுகிறது என்பது அவர்கள் புருஷன்மாரைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு நாலு மணிக்கு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், தோளில் மஞ்சப்பையோடு பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு ஓரம் நின்று ஒரு சிவப்புப் பலூனை ஊதிக்கொண்டிருந்தான்.

முதலில் ஒருவர் அவனைக் கேட்டார், அவன் பதில் சொல்வதற்குள் இரண்டாவது ஆள் பையைப் பிடித்து இழுத்தார், மூன்றாவது ஆள் எறிந்த கல் அவன் முழங்காலில் பட்டது. ஓபுலேசு ஓடினான். கடைத்தெரு வழியாக, பிள்ளையார் கோயிலைச் சுற்றி, மில்லு சந்துக்குள் திரும்புகிற இடத்தில் ஒரு கால் செருப்பு வழுக்கிக் கழன்று விழ, அதை எடுக்கக் குனியாமல் ஓடினான். நாங்கள் பின்னால் ஓடினோம். தளவாய் கையில் கிரிக்கெட் மட்டை இருந்தது, நல்லபெருமாள் சார் குடையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், அன்னத்தாய் கையில் பூ கட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. யாரும் யாரையும் கொல்ல வேண்டும் என்று நினைத்துப் புறப்படவில்லை. ஆனால் அந்தச் சந்து குறுகலானது, பின்னால் வருகிறவர்கள் தள்ளத் தள்ள முன்னால் இருப்பவர்கள் போய்க்கொண்டேதான் இருக்க வேண்டும்.

ஓபுலேசு மில்லுக்குள் ஏறிவிட்டான். செல்லக்கனி அக்கா அவன் முழங்காலைப் பார்த்தாள், சந்தில் வருகிற சத்தத்தைக் கேட்டாள், ஒன்றும் கேட்காமல் அவனை மெஷினுக்குப் பின்னால், கோதுமை மூட்டைகளுக்கு நடுவே தள்ளி உட்கார வைத்தாள். நாங்கள் படிக்கு வந்து சேர்ந்தோம்.

"செருப்பக் கழத்திட்டு ஏறுங்க" என்றாள் அக்கா.

கழற்றினோம். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. ஓர் ஆளை அடித்துப் போடுவதற்கு வந்த அவ்வளவு பேரும், பத்து இருபது வருஷப் பழக்கத்தில், குனிந்து செருப்பைக் கழற்றினோம். ஷூ போட்டிருந்த பால்பண்ணைச் செயலாளர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கியிருந்த தளவாயின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று கயிற்றை அவிழ்த்தார். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தில் அக்கா ஸ்விட்சை அணைத்தாள். பகல் நேரத்தில் அந்த மெஷின் நின்று நாங்கள் பார்த்ததில்லை, எங்கள் மூச்சு எங்களுக்கே கேட்டது.

"என்னத்த அரைக்கணும்?"

"ஒண்ணும் அரைக்க வேண்டாம் யக்கா. அவன வெளிய விடு" என்றான் தளவாய்.

"மில்லுக்கு வந்தா அரைக்கத்தான் வருவாக. கொண்டாந்தத காட்டு."

தளவாய் போனை நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. "இது யாரு தந்தது ஒனக்கு?"

"சார் அனுப்புனாரு."

"சார், ஒங்களுக்கு?"

"அன்னத்தாய் அனுப்பிச்சி" என்றார் நல்லபெருமாள் சார், குடையை நேராகப் பிடித்துக்கொண்டு.

"ஏட்டி, ஒனக்கு?"

"ஞானமுத்து அண்ணன் அனுப்புச்சு" என்றாள் அன்னத்தாய். ஞானமுத்து என் மச்சான், என் மனைவியின் அண்ணன். காலையிலேயே ஒரு கல்யாணத்துக்குக் கோவில்பட்டி போயிருந்தான்.

"அவனுக்கு யாரு அனுப்புனது?"

அன்னத்தாய் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், அதற்கு மேல் அதில் பேர் இல்லை.

"சரி. இவன் பிள்ளையப் பிடிச்சத நீங்க பாத்தியளா? ஒருத்தராவது பாத்தியளா?"

"செருப்பு வரலையே யக்கா" என்றான் தளவாய். குரல் இறங்கியிருந்தது. "அனுப்பிப் பாத்தேன். வரல."

அக்கா மாடத்திலிருந்து மாவுப் பையை எடுத்துப் பிரித்து, அந்தக் கட்டை வைத்த செருப்பை மெஷின் வாய்மேல் வைத்தாள். "இதுதான் கடேசி. ஓடுனவங்க செருப்பு எல்லாம் வந்து தீந்துட்டு. இது ஓட முடியாத ஆளு செருப்பு. அன்னிக்கு எனக்கு எட்டு வயசு. இந்தா, இந்தப் படியில உக்காந்து மைதீன் பிச்சை மாமா எனக்கு வளையல் போட்டுட்டு இருந்தாக. சத்தம் கேட்டு சந்துல கூட்டம் வந்திச்சு. அவுக என்னத் தூக்கி அந்த சன்னல் மேல ஏத்தி வச்சாக. அவுகளுக்கு ஏற முடியல. நான் மேல இருந்து பாத்தேன். அவுக காச்சல்ல சாகல."

நல்லபெருமாள் சார் சுவரைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தெட்டு வயது ஆள், அன்றைக்குக் கல்யாணமாகிப் பதினைந்தாம் நாள். "எங்காலுக்கு அடியில மெத்துன்னு இருந்துச்சு" என்றார் யாரையும் பார்க்காமல். "மூட்டைன்னு நெனச்சேன். மூட்டைன்னுதான் இத்தன வருசமும் நெனச்சுக்கிட்டேன்."

வெளியே படியில் நின்றவர்கள் தலையைக் குனிந்து தங்கள் வெறுங்காலைப் பார்த்தார்கள். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஓபுலேசு முனகுவது கேட்டது.

"எந்தப் பிள்ளையக் காணோம்? பேரச் சொல்லுங்க" என்றாள் அக்கா. ஒரு பேரும் வரவில்லை. "அப்ப வீட்டுக்குப் போயி ஒங்க ஒங்க பிள்ளையக் கண்ணால பாருங்க. நடந்து போங்க, ஓடாதிய."

நடந்து போனார்கள். வெட்கத்தில் ஒருவருக்கும் செருப்பைத் தேடி மாட்டத் தோன்றவில்லை, மில் வாசலில் குவியலாகக் கிடந்தது. மறுநாள் காலையில் ஒவ்வொருவராக வந்து, மூட்டைமேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஓபுலேசின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் செருப்பை எடுத்தார்கள். அந்த வருஷம் ஐப்பசியில், ஓட்டம் நடந்த தேதியில், ஊரே மில்லிலிருந்து புறப்பட்டு மேற்கே குளத்துக்கரை வரை நடந்துபோய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தது, இப்போதும் வருஷா வருஷம் போகிறோம். முன்னால் நடப்பது நல்லபெருமாள் சார்.

இதோடு முடித்துவிட்டால் எனக்கு நல்லது. ஆனால் சனிக்கிழமை காலையில், எல்லோரும் மில்லுக்குச் செருப்பு எடுக்கப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், நான் கதவைத் திறந்தபோது, ஏழு மாதமாக ஒன்றும் வராத என் வாசற்படியில் ஒரு நீல ரப்பர் செருப்பு கிடந்தது. இடது கால். அறுந்த வாரைப் பின்னூசி குத்திச் சேர்த்திருந்தது. இது பழைய ஓட்டத்துச் செருப்பு அல்ல. நாங்கள் புதிதாக ஓட ஆரம்பித்துவிட்டோம், அதனால் அவையும் புதிதாக வர ஆரம்பித்துவிட்டன.

அந்தச் செய்தி எனக்கு வெளியூரிலிருந்து வந்தது. வந்தபோது அதில் கடைசி வரி கிடையாது. 'நம்ம ஊர்ப் பக்கம் வந்தாச்சு' என்பதை நான்தான் சேர்த்தேன். ஏன் சேர்த்தேன் என்றால், அது இல்லாமல் அந்தச் செய்தி கொஞ்சம் சப்பென்று இருந்தது. மச்சான் ஒருவனுக்குத்தான் அனுப்பினேன், அவன் மற்றதைப் பார்த்துக்கொண்டான். மச்சானுக்கு யார் அனுப்பியது என்று மில்லில் அக்கா கேட்டபோது நான் படிக்குக் கீழே, ஒரு கால் செருப்பைக் கழற்றிய நிலையில் நின்றிருந்தேன். நானும் என் பிள்ளையைப் பார்க்கப் போகிறவன் மாதிரி எல்லோரோடும் கலைந்து போனேன்.

அந்தச் செருப்பை உப்பு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்வானேன். கொண்டுபோய் வைத்தும் விட்டேன். அது அங்கே கிடந்து தண்ணீர் விட்டது, மழையில்லாத நாளில் மூட்டை நனைந்து உப்பு கரைந்து வீடெல்லாம் ஓடி என் காலைத் தொட்டது. எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். அக்கா யாருடைய டின்னுக்குள்ளோ கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை, நான் கையில் வைத்திருந்ததைப் பார்த்தாள்.

"யாரு சொன்னது, ஜெராக்ஸு?"

மச்சான் என்று வாயில் வந்தது, போனில் வந்தது என்று வந்தது, ஊரே சொன்னது என்றும் வந்தது. மூன்றையும் விழுங்கினேன். "நாந்தான் யக்கா. கடேசி வரி என்னுது."

ஓபுலேசு அந்தச் செருப்பை வாங்கி, பின்னூசி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, காலில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான். முழங்காலில் கட்டு இருந்தது, ஊன்ற முடியவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டான். திட்டுவான் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"நேத்து தெரு பாக்கி இருக்கு. இன்னிக்கு போணும்" என்றான். "நீ வா. நான் முடி கேக்கறேன். நீ இத சொல்லு."

போனோம். கீழத்தெரு, நடுத்தெரு, பள்ளிக்கூடத்துத் தெரு. அவன் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று, சிக்கு முடி, சவுரி முடி என்று கூவினான். கதவு திறந்ததும் நான், நேற்று வந்தது பொய், அதில் கடைசி வரி என்னுடையது என்று சொன்னேன். அந்தப் பொய் ஊரைச் சுற்ற நேற்றைக்குக் கால் மணி நேரம் ஆனது, அதன் பின்னாலேயே நொண்டி நொண்டிப் போய்த் திரும்பக் கூட்டிவர எங்களுக்கு உச்சி வெயில் தாழ்ந்துவிட்டது. சிலர் முகத்தில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்தினார்கள். சிலர் மோர் கொடுத்தார்கள், அதை ஓபுலேசுக்கு மட்டும் கொடுத்தார்கள்.

கடைசி வீடு என் வீடு. கதவு திறந்தே இருந்தது. என் மகள் பெனிட்டா, ஆறு வயது, அம்மா சுருட்டி வைத்திருந்த முடிப் பந்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலைத் தாண்டாமல் நின்றாள். மஞ்சப்பையும் பலூனுமாக வருகிற ஆளைக் கண்டால் உள்ளே ஓடிவந்துவிட வேண்டும் என்று முந்தின நாள் அவளிடம் சொன்னதும் நான்தான். அவள் ஓபுலேசின் காலில் இருந்த கட்டைப் பார்த்தாள், என் தோளில் இருந்த அவன் கையைப் பார்த்தாள்.

"அப்பா, பிள்ளையப் பிடிக்கிறவங்க இவங்கதான?"

ஊர் முழுக்கச் சொல்லிப் பழகிய வார்த்தை, அந்த ஒரு வாசலில் எனக்கு வரவில்லை. உட்கார்ந்து அவள் உயரத்துக்கு வந்த பிறகுதான் சொல்ல முடிந்தது. "இல்லம்மா. அப்பா பொய் சொல்லிட்டேன்."

அவள் வாசற்படி இறங்கி வந்து முடிப் பந்தை நீட்டினாள். ஓபுலேசு அதை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, எந்தக் கலர் வேண்டும் என்று கேட்டான்.